ராத்திரி 11 மணிக்கும் அனலடிக்கும் மாடி பெட்ரூம்... ஃபேனைத் திட்டாதீங்க, மேலே பாருங்க!

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தார். மூன்றாவது மாடி வீடு, அதற்கு மேல் மொட்டை மாடிதான். பெட்ரூமில் மாமியாரும், பத்தாவது படிக்கும் மகளும் படுக்கிறார்கள். "ஃபேனைப் போட்டா அனல்தான் கொட்டுது. போன வருஷம் ஃபேனை மாத்தினோம். அப்புறம் ஏர் கூலர் வாங்கினோம், ரூம் கசகசன்னு ஆனதுதான் மிச்சம். இந்த வருஷம் ஏசி வாங்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. யூடியூப்ல 'அட்டிக் இன்சுலேஷன்'னு ஒரு வீடியோ பார்த்தேன். அதைச் செஞ்சா ரூம் கூலாகிடுமாம். நம்ம ஊர்ல அது நடக்குமா?" என்று கேட்டிருந்தார்.

நடக்கும். ஆனால், அந்த வீடியோவில் காட்டுவதுபோல நடக்காது.

முதலில் கூலர் விஷயத்தை முடித்துவிடலாம். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ காற்று காய்ந்து கிடப்பதால் அங்கே பிரமாதமாக வேலை செய்யும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராயபுரத்தில் காற்றிலேயே ஈரம் ததும்புகிறது. அதில் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்தால் கசகசப்புதான் மிஞ்சும். கூலர் மேல் தப்பு இல்லை, ஊர் அப்படி.

இப்போது அட்டிக். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவான கூரை. அந்தக் கூரைக்கும் படுக்கையறை சீலிங்குக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு வெற்றிடம் இருக்கும். அதுதான் அட்டிக். அந்த இடத்தில் கண்ணாடி இழைப் பஞ்சை மெத்தை மாதிரி பரப்பிவிட்டால் கூரையின் சூடு கீழே இறங்காது. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு மேலே போகாது. வீடியோவில் இருப்பது அவ்வளவுதான்.

நம் ஊரிலும் அது இருந்தது. ஓட்டு வீடுகளில் 'மச்சு' என்று சொல்வோமே, அதேதான். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து, அந்த இடத்தில் புளிப் பானை, பழைய பாத்திரம், கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் அண்டா எல்லாம் கிடக்கும். பொருள் போட்டுவைக்கத்தான் மச்சு என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் வெயிலுக்கும் நமக்கும் நடுவில் ஓர் அறை நிறையக் காற்றை நிறுத்திவைத்திருந்தார்கள்.

மச்சு இல்லாத மாடி வீடுகளுக்கு மெட்ராஸில் வேறொரு தளம் இருந்தது. அதற்கு இந்த ஊரின் பெயரே உண்டு: 'மெட்ராஸ் டெரஸ்'. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும். வரிசையாகத் தேக்கு மரச் சட்டங்கள், அதன் மேல் குறுக்காக, செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கற்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்தார்கள். கடைசியில் தட்டோடு. எல்லாம் சேர்ந்து ஓர் அடிக்குப் பக்கமாகக் கனம் வரும். சாயங்காலம் வரை வெயில் அந்தத் தளத்துக்குள் வழி தேடிக்கொண்டிருக்கும். சீலிங்கும் நல்ல உயரம். அந்த வீட்டில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு, பிற்பாடு கட்டிய கான்கிரீட் மாடியில் ஏன் தூக்கம் வரவில்லை என்பது புரியாமல் போனதில் ஆச்சர்யமே இல்லை.

அஞ்சு இஞ்ச் கான்கிரீட்டின் ராத்திரி வேலை

இப்போது நம் தலைக்கு மேல் இருப்பது பெரும்பாலும் அஞ்சு இஞ்ச் ஆர்.சி.சி. தளம். மேலே ஒரு பூச்சு. சில வீடுகளில் அதுவும் இல்லை. கான்கிரீட் வெயிலை மெதுவாகக் குடித்து, மெதுவாகக் கக்கும். பகல் முழுக்க மொட்டை மாடியில் ஏறிய சூடு கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் தெருவில் இறங்கினால் கடல் காற்று வருகிறது, மாடி அறையிலோ மூச்சு முட்டுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் உங்கள் சீலிங்குக்கு மட்டும் மத்தியானம் முடியவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நம் தோலின் சூடு சுமார் 34 டிகிரி செல்சியஸ். தலைக்கு மேல் இருக்கும் தளம் அதைவிடச் சூடாக இருந்தால், நம் உடம்பின் சூட்டை அது வாங்கிக்கொள்ளாது. நமக்குத்தான் சூட்டைக் கொடுக்கும். தோசைக்கல்லின் பக்கத்தில் கையை நீட்டினால், தொடாமலேயே சுடுகிறதே, அதே கணக்கு. ஃபேன் என்ன செய்யும்? சீலிங்கை ஒட்டித் தேங்கி நிற்கும் சூடான காற்றை அள்ளிக் கீழே தள்ளும். ஃபேனை மாற்றிய வாசகிக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ஏசி வாங்கினாலும் அது முதலில் இந்தத் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அறையைக் குளிர்விப்பதற்கு முன்பு, பகல் முழுக்க மாடி சேர்த்துவைத்த சூட்டுக்குக் கரன்ட் பில் கட்டுகிறோம்.

ஆனால், எல்லா மாடி அறைக்கும் மாடிதான் வில்லன் என்று நானாக முடிவு கட்டவில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி (ஃபேனை நிறுத்திவிட்டு!) சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் மேற்குப் பக்கச் சுவரில் வையுங்கள். சீலிங் அதிகமாகச் சுட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. சுவர் அதிகமாகச் சுட்டால் மாடியில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தச் சுவருக்கு வெளியே ஒரு தட்டியோ, நிழல் வலையோ, வெள்ளைப் பூச்சோ போதும். இரண்டும் ஒரே மாதிரி சுட்டால், மாடியிலிருந்து ஆரம்பியுங்கள். மே மாத உச்சி வெயில் சுவரைவிட மாடியில்தான் அதிக நேரம் நேராக விழுகிறது.

காசிமேட்டு மீன் பெட்டி சொல்லும் பாடம்

இன்சுலேஷன் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள காசிமேடு போனால் போதும். மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரத்தையும் சங்கராவையும் ஐஸ் போட்டு அடுக்கும் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டி எதையும் குளிர்விப்பதில்லை. வெளிச் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். தெர்மாகோலில் இருப்பது பெரும்பாலும் காற்று. குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்டு நகர முடியாமல் நிற்கும் காற்று. நகராத காற்றின் வழியாகச் சூடு போவது ரொம்பவே கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. கான்கிரீட், தெர்மாகோலைவிடச் சுமார் 40 மடங்கு சுலபமாகச் சூட்டைக் கடத்தும். அதாவது, ஓர் அங்குல தெர்மாகோல் தடுக்கும் சூட்டைத் தடுக்க, மூன்றடிக்கும் மேல் கனமான கான்கிரீட் தேவை! 'தளத்தை இன்னும் ரெண்டு இஞ்ச் கனமா போட்டா சூடு குறையும்' என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

வீடுகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. கூரை வழியாகச் சூடு இறங்கும் வேகத்துக்கு அதில் ஓர் உச்ச வரம்பு உண்டு: 1.2. (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் என்ற கணக்கு. எண் குறையக் குறைய நல்லது.) நம் வெறும் அஞ்சு இஞ்ச் தளத்துக்குக் கணக்குப் போட்டால் 3-க்கு மேல் வருகிறது. அதன் மேல் நாலு இஞ்ச் செங்கல் ஜல்லி போட்டாலும் 2-க்குக் கீழே இறங்காது. அதே தளத்தின் மேல் ஓர் அங்குல இன்சுலேஷன் அட்டை போட்டால் 1-ஐத் தொட்டுவிடுகிறது. கட்டும்போதே ஓர் அங்குலம் சேர்த்திருந்தால் வாசகியின் மெயிலே வந்திருக்காது. நம் பில்டர்கள் மாடுலர் கிச்சனைக் காட்டுவார்கள், மாடித் தளத்தில் என்ன போட்டோம் என்று எத்தனை பேர் காட்டுகிறார்கள்?

முதலில் வெள்ளை

இன்சுலேஷனுக்கு முன்பு செய்ய வேண்டிய, செலவு குறைந்த வேலை ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியை வெள்ளையாக்குவது. சூடு தளத்துக்குள் இறங்கிய பிறகு தடுப்பதைவிட, மேலேயே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. பழுப்பேறிய சிமென்ட் தளம் வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கும். புதிதாக அடித்த வெள்ளை, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இதற்கென்றே 'கூல் ரூஃப்' பெயின்ட்டுகளும் வெள்ளை டைல்ஸும் கடைகளில் கிடைக்கின்றன. அவ்வளவு பட்ஜெட் இல்லாதவர்களுக்கு நம் பழைய சுண்ணாம்பே போதும். பசை கலந்து இரண்டு கோட். ஒரு வருஷம்தான் தாங்கும், மழை முடிந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீற்றப்போகிறீர்கள் என்றால், குழந்தைகளை மாடிப் பக்கம் விடாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

குஜராத்தின் அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்துபோனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு 2013-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு நகரத்துக்கான வெப்பச் செயல்திட்டத்தை அந்த ஊர் போட்டது. பின்னாளில் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கையே கொண்டுவந்தது. அங்கே 600 சதுர கெஜத்துக்கு மேலான மனையில் கட்டும் வீடுகளுக்குக் கூல் ரூஃப் கட்டாயம். அதற்குக் கீழே அவரவர் விருப்பம். சின்ன வீட்டில்தான் சூடு அதிகம், அங்கேதான் விருப்பம்! தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கட்டடங்கள் சிலவற்றில் கூல் ரூஃப் பூச்சு தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்பதற்கு முன்னால் கூரைக்கு ஒரு கோட் அடித்துக் கொடுக்கும் திட்டம் நம் தெருக்களுக்கு எப்போது வரும் என்பதுதான் என் கேள்வி.

வெள்ளைப் பூச்சில் வட சென்னைக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே வெள்ளை வெள்ளையாக இருக்காது. ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும்போது ராயபுரம் மாடிகளில் கறுப்புத் தூசி படியும். காயப்போட்ட துணியை உதறித்தான் எடுக்க வேண்டும். 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரி எண்ணூருக்கு இடம் மாறியது. தூசி அழிந்துபோகவில்லை, அதுவும் வடக்கே குடிபோனது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் கன்டெய்னர் லாரிப் புகை. வெள்ளை மாடி சாம்பல் நிறமானால் அதன் பலனும் குறைந்துகொண்டே வரும். கம்பெனி பிரசுரத்தில் போட்டிருக்கும் டிகிரிக் கணக்கு எல்லாம் புதுப் பூச்சுக்கானது. ஆகவே, நம் பகுதியில் வெள்ளை அடிப்பவர்கள் பிப்ரவரியில் ஒரு முறை, கத்திரி தொடங்கும் முன் ஏப்ரல் கடைசியில் ஒரு முறை மாடியைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். தண்ணீர் கஷ்டம் இருக்கும் வீட்டில், துணி அலசிய கடைசித் தண்ணீர் இதற்குப் போதும்.

தினமும் சாயங்காலம் மாடியில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. அன்றைய ராத்திரிக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் விரிசல் இருக்கும் தளத்தில் அந்தத் தண்ணீர் கம்பியைத் தேடிப் போகும். உப்புக் காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கக் காத்திருக்கும் கம்பி அது.

மேலேயா, கீழேயா?

வெள்ளை அடித்தும் போதவில்லை என்றால் இன்சுலேஷன். தளத்துக்கு மேலே போடுவதா, அறைக்குள் சீலிங்கில் ஒட்டுவதா? கடைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். ஒரே நாளில் தெர்மாகோல் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, லைட்டும் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கவும் ஜோராக இருக்கும். சூடும் குறையும், பொய் இல்லை.

ஆனாலும், கடலோரத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இன்சுலேஷன் போட்டால் தளம் வெயிலில் காய்வது நிற்காது. பகலில் விரிந்து ராத்திரி சுருங்கி, விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். உப்புக் காற்று அந்த விரிசல் வழியே கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருத்துக் காரையைத் தள்ளும். வழக்கமாக, சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை, ஓர் உப்பல், கொஞ்சம் சிமென்ட் உதிர்தல் என்று வீடு முன்கூட்டியே சொல்லிவிடும். ஃபால்ஸ் சீலிங் அந்த வாயை மூடிவிடுகிறது. கீழே கட்டில் இருக்கிறது.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்து மக்கள் வெளியேறிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தக் கட்டடத்தோடு ஃபால்ஸ் சீலிங்குக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. விரிசல் கண்ணில் படும்படி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

எனவே, சொந்த வீடு என்றால் மேலேயே போடுங்கள். விரிசலை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் இன்சுலேஷன் அட்டை, அதற்கு மேல் பாதுகாப்பாக மெல்லிய கான்கிரீட்டோ வெள்ளை டைல்ஸோ. அட்டை வாங்கும்போது மீன் பெட்டி செய்யும் சாதா தெர்மாகோலைக் கேட்காதீர்கள். அது தண்ணீரை இழுக்கும், கால் பட்டால் நசுங்கும். 'எக்ஸ்.பி.எஸ்.' என்று கேளுங்கள். பார்க்கத் தெர்மாகோலின் அண்ணன் மாதிரி கெட்டியாக, பெரும்பாலும் நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ இருக்கும், தண்ணீர் ஏறாது.

மேலே போடுவதிலும் ஒரு பிரச்னை உண்டு, எடை. அட்டைக்கு எடையே இல்லை. அதன் மேல் போடும் இரண்டு இஞ்ச் கான்கிரீட், 500 சதுர அடி மாடிக்குச் சுமார் 5 டன் வரும். பழைய முறையில் நாலு இஞ்ச் செங்கல் ஜல்லி போட்டால் 7, 8 டன். நல்ல தளம் தாங்கும். காரை உதிர்ந்து கம்பி தெரியும் தளம் தாங்குமா என்பதைக் கொத்தனார் சொல்லக் கூடாது, கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய வீடு என்றால் அந்த ஃபீஸை மிச்சம் பிடிக்காதீர்கள். தாங்காது என்று சொல்லிவிட்டால், வெள்ளைப் பூச்சும், அதற்கு மேல் ஆள் உயரத்தில் பச்சை நிழல் வலையும்தான் வழி. வலையை மே மாதத்துக்காகக் கட்டுகிறோம், ஆனால் டிசம்பரையும் நினைத்துக் கட்ட வேண்டும். 2016-ல் வர்தா புயல் வந்தபோது மாடியில் கட்டியிருந்தது என்னவெல்லாம் பறந்தது என்று வட சென்னைக்காரர்களிடம் கேளுங்கள். அக்டோபரில் கழற்றிவிடுவதே உத்தமம்.

சோலார் பேனல் போடும் எண்ணம் இருந்தால், அதுவே ஒரு பந்தல். பேனல் விழுங்கும் வெயில் தளத்துக்கு வராது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. உப்புக் காற்றுக்குத் தாங்கும் ஸ்டாண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட் வீடு என்றால்?

எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மாடிக்கு மேல் ஓர் அறை ஷீட் போட்டு எடுத்திருப்பார்கள். அல்லது வீடே ஷீட் வீடாக இருக்கும். இங்கே கதை வேறு. ஷீட் மெல்லியது, சூட்டைச் சேர்த்துவைக்காது. மத்தியானம் கொடுமை, ராத்திரி கொஞ்சம் பரவாயில்லை. பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை, நைட் ஷிஃப்ட் முடித்துவந்து பகலில் தூங்குகிறவர்கள், இவர்களுக்குத்தான் தண்டனை.

இங்கே நாம் மச்சைத் திரும்பக் கொண்டுவரலாம். ஷீட்டுக்கு ஓர் அடி கீழே ஒரு சீலிங். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் காற்று அடைபட்டுக் கிடக்காமல், இரண்டு பக்கச் சுவரிலும் மேலே வலை போட்ட திறப்பு வைத்தால், சூடான காற்று வெளியேறிவிடும். சீலிங்கின் மேல் பளபளக்கும் அலுமினிய ஃபாயில் ஷீட்டை, பளபளப்பு மேலே பார்க்க விரியுங்கள். அந்தப் பளபளப்பு வேலை செய்ய, எதிரே காற்றிடம் வேண்டும். கூரை ஷீட்டோடு ஒட்டிவிட்டால் வெறும் அலங்காரம்தான்.

வெறும் தெர்மாகோலைச் சீலிங்காகக் கட்டுவது வேண்டவே வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும், அதன் புகை மோசம். கொசுவர்த்தி, சாமி விளக்கு, தொங்கும் ஒயர் எல்லாம் இருக்கும் அறை அது. (எலிக்கும் தெர்மாகோல் என்றால் உயிர். குடும்பத்தோடு வந்துவிடும்.) கீற்று வேய்வது குளுமைக்கு நிகரில்லாததுதான். ஆனால், 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ கீற்றுக் கூரையில்தான் பரவியது. நெருக்கமான தெருவில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிமென்ட் ஷீட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பழைய ஷீட்டுகளில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரக்கூடும். வெள்ளை அடிப்பதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மேலே பூச்சு அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷீட் மேல் ஏறி நடக்கவும் கூடாது. பழைய ஷீட் உடைந்து கீழே விழுந்தவர்கள் ஏராளம்.

மாடி அவருடையது, சூடு உங்களுடையது

வாசகியின் இரண்டாவது மெயிலில்தான் அது வாடகை வீடு என்று தெரிந்தது. வட சென்னையில் மாடி வீட்டுக்குப் பாதிக் கதை இதுதான். மொட்டை மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கும். மாடியில் செலவு செய்வதால் அவருக்குக் குளுமை கிடைக்கப்போவதில்லை. அவர் தரைத்தளத்தில் இருக்கிறார். செய்தாலும் வாடகையை ஏற்றுவார் என்ற பயம் நமக்கு. ஆகவே, நடுவில் யாரும் எதுவும் செய்யாமல் அறை கொதித்துக்கொண்டே இருக்கிறது.

இதில் குளுமையைப் பற்றிப் பேசினால் எடுபடாது. கசிவைப் பற்றிப் பேசுங்கள். "அண்ணே, மழை வந்தா ஒழுகுதுல்ல, வாட்டர் ப்ரூஃப் பண்ணும்போது வெள்ளை கலர்லயே பண்ணிடலாமா? கூலியில பாதி நாங்க குடுத்துடறோம்" என்று கேட்டால் பல ஓனர்கள் இறங்கிவருவார்கள். கூல் ரூஃப் பூச்சுகளில் பல, நீர்க்கசிவையும் தடுக்கும் வகைதான். தளம் நல்லா இருந்தால் வீடும் அவருக்கு நல்லா இருக்கும். அதற்கும் சம்மதிக்கவில்லையா, சுண்ணாம்பு அடிக்க மட்டும் அனுமதி கேளுங்கள். அதற்கு 'முடியாது' என்று சொல்லும் ஓனரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என்ன செய்தாலும் ராத்திரி ஜன்னலைத் திறக்க மறக்காதீர்கள். இன்சுலேஷன் மீன் பெட்டி மாதிரி, உள்ளே இருப்பதையும் காக்கும். பகலில் சேர்ந்த சூட்டை உள்ளேயே வைத்துப் பூட்டினால் அதையும் பத்திரமாகக் காக்கும். எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்க்க வைத்தால், அரை மணி நேரத்தில் அறைக் காற்று மாறிவிடும். கொசு வலை அடித்த ஜன்னலாக இருக்க வேண்டும், அது வேறு செலவு.

வேலை தொடங்கச் சரியான நேரம் ஜனவரி கடைசி. வடகிழக்குப் பருவமழை முடிந்து தளம் காய்ந்திருக்கும், கசிந்த இடமெல்லாம் கறையாகத் தெரியும், பெயின்ட்டருக்கும் பொங்கல் வேலை முடிந்திருக்கும். மே மாதத்தில் படிக்கிறீர்கள் என்றால், இப்போதைக்குச் சுண்ணாம்பு இரண்டு கோட், காலை வெயில் ஏறும் முன் அடித்துவிடுங்கள். மிச்சத்தை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராயபுரம் வாசகி ஓனரிடம் பேசிவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.